எதிர்மனுதாரராகிய தாங்கள்

லாண்டரிக்காரம்மா கடிதத்தின் மூன்றாவது வரியில் விரலை வைத்தபடி நின்றுவிட்டார். எதிரே, முழங்கால் மேசையில் இடிக்கிற குழந்தைகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜன்னலக்காவுக்கு விளக்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள். வகுப்பின் விதி அப்படி. கடிதம் எழுதியவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் அதை வாசித்து, இதில் என்னை என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை எழுதியவர் மூச்சு விடலாம், பேசக் கூடாது. ஜன்னலக்காவோ மூச்சு விடுவதைக்கூட மறந்துவிடுவாளே தவிரப் பேச மறக்க மாட்டாள்.

அவள் வேலை பார்த்தது வீட்டுத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அலுவலகத்தில். மாடி வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகும்; கீழ் வீட்டுக்காரர் மனு கொடுப்பார்; மாடி வீட்டுக்காரருக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் போகும். அந்தக் கடிதத்தை எழுதியதே அவள்தான், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். "எதிர்மனுதாரராகிய தாங்கள்" என்று தொடங்கி, "தவறும்பட்சத்தில் ஒருதலைப்பட்சமாகத் தீர்வு செய்யப்படும்" என்று முடியும். பதினோரு வரி, ஒரே முற்றுப்புள்ளி. அப்போதிருந்த மேலாளர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "எழுதினா இப்படி எழுதணும்" என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவள் அன்றைக்குப் பூரித்துப்போனது இன்னும் மிச்சமிருந்தது.

கடிதம் வாங்கியவர்கள் அதை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு அவளுடைய மூன்றாம் ஜன்னலுக்கு வருவார்கள். "என்னம்மா போட்டிருக்கு?" என்பார்கள். அவள் ஆதியோடு அந்தமாக எடுத்துச் சொல்வாள், அழுதால் தண்ணீர் கொடுப்பாள், குதித்தால் உட்காரவைப்பாள். "அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா!" என்று கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். ஜன்னலக்கா என்ற பெயரே அப்படித்தான் வந்தது. ஜனங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை, பாவம், நாம்தான் சொல்ல வேண்டும் என்று மனசார நினைத்திருந்தாள். ஜன்னலில் நிற்கும் கூட்டத்துக்கும் தன் கடிதத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

எளிய மொழியில் சட்டக் கடிதம் எழுத ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டுச் சனிக்கிழமை பயிற்சி, அலுவலகத்துக்கு ஒருவர் கட்டாயம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மேலாளருக்குத் தன் சனிக்கிழமையைக் கொடுக்க மனசில்லை, இவளை அனுப்பினார். முதல் நாளே பயிற்சியாசிரியை இவள் கடிதத்தை வகுப்பில் உரக்க வாசித்தாள். ஏழாவது வரியில் மூச்சு முட்டியது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். வகுப்பே சிரித்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது ஜன்னலக்காவுக்கு. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் நீட்டினாள். அவர் பஸ் ஓட்டுகிறவர், செய்தித்தாளைக் காணாமற்போனவர் விளம்பரம்வரை விடாமல் படிக்கிற ஆள். இரண்டு முறை படித்துவிட்டு, மெதுவாக, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கூடவே கண்ணும் கலங்கியது. அன்றைக்கே பேனாவை எடுத்துக் கடிதத்தை எளிமையாகத் திருத்தி எழுத உட்கார்ந்துவிட்டாள்.

மேலாளர் மட்டும் மசியவில்லை. "கடிதம்னா ஒரு கெத்து வேணாமாம்மா? இவ்வளவு எளிசா எழுதினா எவன் பயப்படுவான்?" என்றார். பிறகு, போனால் போகிறது என்று ஒரு வாக்குக் கொடுத்தார். "அந்த வகுப்புல யாராவது ஒருத்தர் தானா படிச்சு சரியா சொல்லட்டும், கையெழுத்துப் போடறேன். இல்லன்னா பழசே இருக்கட்டும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அந்த ஒருத்தர்தான் இந்த லாண்டரிக்காரம்மா. அதே பள்ளிக்கூடத்தில் எதிர் அறையில் நடக்கும் பெரியவர்கள் எழுத்தறிவு வகுப்பிலிருந்து வந்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைசிவரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தேதி புரியுது. இடம் புரியுது. ஆனா..." குரல் தாழ்ந்தது. "நான் தப்பு பண்ணிட்டேன், வந்து தண்டனை வாங்கிக்கோன்னுதானே போட்டிருக்கு?" காகிதத்தின் ஓரம் அவர் கையில் படபடத்தது.

"ஐயோ, இல்லம்மா!" என்று பாய்ந்தாள் ஜன்னலக்கா. புகார் வேறு, தீர்ப்பு வேறு, உங்கள் பக்கத்தைக் கேட்கத்தான் கூப்பிடுகிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்று நாலு நிமிஷம் மூச்சுவிடாமல் சொன்னாள். அந்த அம்மாள் முகம் தெளிந்தது. ஜன்னலக்காவுக்கும் பழைய நிம்மதி வந்தது. அதன் பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

பயிற்சியாசிரியை கோபிக்கவில்லை. "ரொம்ப அழகா சொன்னீங்க. இனிமே தபால்காரர் கூடவே நீங்களும் வீடு வீடா போவீங்களா?" என்றாள். அடுத்த சனிக்கிழமை கடைசி வகுப்பு. இன்னொரு முறை பார்க்கலாம் என்றாள்.

தோற்றதுகூட ஜன்னலக்காவுக்கு வலிக்கவில்லை. அந்தக் கை படபடத்ததுதான் வலித்தது. ஜன்னலுக்கு வந்தவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்து இப்படித்தானே நடுங்கிக்கொண்டு வந்திருப்பார்கள்? வராமலே இருந்தவர்கள்? விசாரணைக்கு வராதவர்களின் கோப்பில் 'வரவில்லை' என்று முத்திரை குத்துவதும் அவள் வேலைதான். திமிர் பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு ஓங்கியே குத்தியிருக்கிறாள். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

"அந்தம்மாகிட்ட அப்படி என்னதான் சொன்னே?" என்று கேட்டார் கணவர். சொன்னாள்.

"அதையே எழுதேன்."

"அதெல்லாம் எழுதற பாஷையா?"

"உன் ஜன்னலுக்கு வர்றவங்ககிட்ட வேற பாஷையா பேசறே?" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குப் போய்விட்டார். "வாயை மட்டும் மூடிக்கோ. பரீட்சைன்னா உனக்கு அதுதான் பரீட்சை."

கடைசி சனிக்கிழமை வந்தது. கடிதம் இப்படித் தொடங்கியது: "உங்கள்மீது ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். அது உண்மை என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் பக்கத்தை எங்களுக்குச் சொல்லுங்கள்." வாசிக்க வந்தது லாண்டரிக்காரம்மா இல்லை, ஒரு கொத்தனார். முன்பின் தெரியாதவர்தானே வேண்டும்? ஜன்னலக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அவர் ஒவ்வொரு சொல்லாக இறக்கிவைத்துப் படித்தார். ஓரிடத்தில் நின்றார். திரும்பப் படித்தார்.

"பதினாலாந்தேதி பத்து மணிக்குப் போவேன்," என்றார் கொத்தனார். "பக்கத்து வீட்டுக்காரரையும் சாட்சிக்குக் கூட்டிட்டுப் போவேன். கூட்டிட்டு வரலாம்னு போட்டிருக்கே. யாரு புகார் கொடுத்தா என்ன, எம்பக்கம் நியாயம் இருக்கு!" இல்லாத வழக்குக்கு அவர் மேசையைத் தட்டியதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். ஜன்னலக்கா தலைப்பை எடுத்தபோது அதில் பல் தடம் பதிந்திருந்தது. மேலாளர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

புதுக் கடிதம் போகத் தொடங்கி மூன்று வாரத்தில் மூன்றாம் ஜன்னல் காலியானது. விசாரணை அறையில் மட்டும் நாற்காலி போதவில்லை. 'வரவில்லை' முத்திரையின் மை காய்ந்தேபோனது. எல்லாம் சந்தோஷம்தான், வயிறு நிறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் ஈ ஓட்டிக்கொண்டு உட்காருவது பழக்கமில்லையே. கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். "என்னக்கா, கடை காத்தாடுது?" என்று பக்கத்து ஜன்னல் குமாஸ்தா கிண்டல் செய்தான். உனக்கென்னடா என்றாள். அக்கா என்று கூப்பிட ஆளில்லாத ஜன்னலுக்கு என்ன பெயர் என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் கேள்வி ஓடியது.

ஒரு நாள் முற்பகலில் குழாய் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் வந்தார். சட்டையெல்லாம் துருக் கறை, கையில் அவள் கடிதம், நாலாக மடித்தது. அவளுக்கு நெஞ்சு பகீரென்றது. அதே நொடியில் ஆசையாகவும் இருந்தது.

"வாங்க வாங்க. எந்த வரி புரியல? சொல்லுங்க."

"எல்லாம் புரிஞ்சுதுக்கா. அதனாலதான் வந்தேன்," என்றார். "உங்க பக்கத்தைச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்கல்ல? விசாரணையில எனக்குப் பேச வராது. அதான் எழுதிட்டு வந்தேன்." சட்டைப் பையிலிருந்து நோட்டுத் தாள் இரண்டை எடுத்து ஜன்னலுக்குக் கீழே தள்ளினார். "இந்த வருஷம்தான் எழுதப் பழகினேன். சரியா இருக்கான்னு நீங்க படிச்சுப் பாக்கணும்."

இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய பென்சில் எழுத்து. எங்கே தேடியும் ஒரு முற்றுப்புள்ளி இல்லை. மூன்றாவது வரியில் அவளுக்கே தடுக்கியது. புருவத்தைச் சுருக்கினாள். அவர் பதறிப்போய், "அது வந்துக்கா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்று தொடங்கினார்.

"இருங்க. நானே படிச்சுக்கறேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றார். ஜன்னலக்கா காகிதத்தை வெளிச்சத்துக்கு இழுத்து, அந்த மூன்றாவது வரியின் கீழே விரலை வைத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.