தலைவன் தலையில் சேறு

டைரக்டர் மோத்ரியா பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று படப்பிடிப்பில் எல்லோரும் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். இந்த முயலுக்கு உண்மையிலேயே மூன்று கால்தான்.

அவள் நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் படித்தது, கொசாக்குக் குதிரைவீரர்களின் அந்தப் பழைய போர்க்கதை. எட்டு வருடம் அலைந்து திரிந்து அதைப் படமாக்க வந்திருந்தாள் அவள். அன்று, வீரர்கள் கூடித் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் காட்சி. தலைமைக் கோலை நீட்டுவார்கள். அவன் இரண்டு முறை வேண்டாம் என்பான். மூன்றாம் முறை வாங்கிக்கொண்டதும் மூத்த வீரர்கள் அவன் தலையில் சேற்றை அப்புவார்கள். நீ எங்களைவிட உசத்தி இல்லை என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகுதான் தொப்பிகள் வானத்தில் பறக்கும்.

தலைவனாக நடிக்கும் நாயகன் நெஸ்தோர், சேறு என்றதும் முறுக்கிக்கொண்டான். "மீசையில சேறு வழிய நின்னா ஜனங்க கைதட்டுவாங்களா? கோமாளின்னு சிரிப்பாங்க."

தயாரிப்பாளர் வாலெரியும் அவன் பக்கம்தான். "சேறு எதுக்கு மோத்ரியா? கோலைத் தூக்கிக் காட்டட்டும், போதும்."

"இவனுக்காகக் கடைசியில முன்னூறு பேரு சாவுறாங்க. தலையில சேறு வாங்காதவனுக்காக எவன் சாவான்?"

"மத்தியானத்துக்குள்ள முடி. இல்லன்னா வேற டைரக்டரை வெச்சு நான் எடுத்துக்கறேன்."

மறுநாள் சூரியகாந்தி அறுவடை. நடிக்க வந்திருந்த முன்னூறு பேரும் தினிப்ரோ ஆற்றங்கரைக் குடியானவர்கள், வயலுக்குப் போய்விடுவார்கள். உச்சிக் குடுமி மட்டும் விட்டு, யாரும் கெஞ்சாமலே மொட்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள். இன்று விட்டால் காட்சி போயிற்று, எட்டு வருடமும் போயிற்று. மோத்ரியா ஒளிப்பதிவாளர் ஹ்னாத்தின் காதில் மட்டும் சொன்னாள்: "கேமரா ஓடட்டும். நான் சொல்லாம நிறுத்தாத."

மூத்த வீரனாக வேடம் கட்டியிருந்த டிராக்டர் டிரைவர் புரோகிப், நெஸ்தோரிடம் கோலை நீட்டினான். காலடியில் சேற்று வாளி. நெஸ்தோர் வாளியைப் பார்த்தான்.

"மாட்டேன்!" என்று திரும்பிக்கொண்டான்.

"மறுபடி," என்றாள் மோத்ரியா.

இந்தத் தடவை கோலையே தட்டிவிட்டான். "மாட்டேன்னா மாட்டேன்! எத்தன தடவ சொல்றது?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து வாலெரி கத்தினார். "சேறு கிடையாது, கோலை மட்டும் வாங்கு நெஸ்தோர்! அவன் வாங்கினதும் எல்லாரும் தொப்பிய வீசுங்க!"

நெஸ்தோர் மோத்ரியாவை வெற்றிப் பார்வை பார்த்துவிட்டு, புரோகிப் மறுபடி நீட்டிய கோலை வாங்கி உயரத் தூக்கினான்.

ஒரு தொப்பிகூட அசையவில்லை.

"வீசுங்கய்யா!" என்று வாலெரி தொண்டை கிழியக் கத்தினார்.

புரோகிப் நிதானமாகக் குனிந்து, வாளியிலிருந்து ஒரு கை சேறு அள்ளினான். "எதுக்குக் கத்துறீங்க? ரெண்டு தடவ வேணாம்னாரு. மூணாவது தடவ வாங்கிட்டாரு. எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு. பாக்கி இதுதான். தலையில மண்ணு படாதவனுக்கு எங்க ஊர்ல எவனும் தொப்பியக் கழட்ட மாட்டான்."

இருபது வருடம் கைதட்டல் சாப்பிட்டு வளர்ந்தவன் நெஸ்தோர். இதுவரை முன்னூறு பேர் சத்தமில்லாமல் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. தூக்கிய கை மெல்ல இறங்கியது. கழுத்து சிவந்தது. இப்போது ஒரு வார்த்தை பேசினால் காரியம் கெட்டது என்று மோத்ரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நெஸ்தோர் முழங்காலிட்டான். தொப்பியைக் கழற்றினான். "வைங்கய்யா," என்றான், புரோகிப்புக்கு மட்டும் கேட்கிற குரலில்.

புரோகிப் வைத்தான். அடுத்தவன் வைத்தான். சேறு நெற்றியில் இறங்கி, மீசையில் வழிந்து, மார்பில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை. எழுந்து நின்றபோது மோத்ரியாவுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. எட்டு வருடமாக அவள் மனத்துக்குள் நடமாடிய தலைவன் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

முன்னூறு தொப்பிகள் ஒரே சமயத்தில் பறந்தன. ஆற்றங்கரையே அதிர்ந்தது.

"எல்லாம் கேமராவுல பதிஞ்சுதா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் மோத்ரியா.

"முதல் 'மாட்டேன்'லேருந்து," என்றான் ஹ்னாத். "கடைசியா ஒரு நீலக் கம்பளித் தொப்பியும் பறந்துச்சே. அது யாருது?"

மோத்ரியா தலையைத் தடவிப் பார்த்தாள். வெறுந்தலையாக இருந்தது.