இறந்த தேதி

லிஃப்ட் கதவு மூடாமல் பிடித்துக்கொண்டு நான்கு பேர் அவளுடைய அப்பாவை அளந்துகொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரின் தலைமாடு உள்ளே போய்விட்டது. கால்மாடு ஒரு முழம் வெளியே நின்றது. கொஞ்சம் நிமிர்த்திச் சாய்த்தால் போய்விடும் என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர்.

"சாய்க்கிறதா? அவரு என்ன பீரோவா?" என்றார் குட்டையன். அப்பாவோடு இருபது வருடத்துக்கு மேல் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். உண்மையில் ஆறடி உயரம். கிண்டலுக்கு வைத்த பெயர் நிலைத்துவிட்டது. "இது ஆறு பேர் லிஃப்ட். படுத்த ஆளு ஏறாது. படியிலயே தூக்குங்க."

நான்கு மாடி. மகள் அப்பாவின் செருப்பையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. இப்போது பத்தரை. இன்னும் அவளுக்கு அழுகை வரவில்லை. கைப்பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அலுவலகத்திலிருந்துதான். எடுத்து என்ன சொல்வது? அந்த அலுவலகத்தில் அவள் அப்பா செத்து ஆறு வருடம் ஆகிறது.

சாகடித்தவள் அவளேதான். தேர்வுத் தாள்கள் அச்சாகும் இடம் அது. அவளுக்குப் பிழை திருத்தும் வேலை. குடும்பத்தில் உயிரோடு இருப்பவர்கள் யார்மீதாவது குற்ற வழக்கோ தண்டனையோ உண்டா என்று விண்ணப்பத்தில் ஒரு முழுப் பக்கம் கேட்டிருந்தார்கள். அதற்கு முன் மூன்று இடங்களில் அப்படிப்பட்ட பக்கத்தை உள்ளது உள்ளபடி நிரப்பினாள். மூன்று இடத்திலும் சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. நாலாவது தடவை அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்கம்மாவுக்கு எழுதின மாதிரியே அப்பாவுக்கும் எழுதிடு. எழுதினா எங்கண்ணன் செத்தா போயிடுவான்?" என்றாள். தந்தை பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டாள். இறந்த தேதி கேட்டிருந்தது. அதற்கும் ஏதோ ஒரு தேதியைப் போட்டாள்.

வழக்கு அதற்கும் மூன்று வருடம் முந்தியது. ஒரு துணிக்கடையில் லிஃப்டின் கம்பி அறுந்து, உள்ளே இருந்த தையல்காரப் பெண்ணுக்கு ஒரு கால் போனது. சோதித்துப் பார்த்ததாகப் பதிவேட்டில் அந்த வாரத்துக் கையெழுத்து அப்பாவுடையது. அந்தக் கம்பெனியில் மாதத்தின் முதல் நாளே நான்கு வாரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்; வேலையை அந்தந்த வாரம் செய்வார்கள். கம்பி தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று தனித் தாளில் எழுதிக் கொடுத்தேன் என்றார் அப்பா. அந்தத் தாளைக் காணவில்லை. முன்கூட்டிக் கையெழுத்துப் போடுகிற சமாச்சாரத்தை நீங்களாகப் பேசாதீர்கள் என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கூண்டில் ஏறிய மனிதர், "ஆமாங்க, முதல் நாளே போட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். முன்கூட்டிக் கையெழுத்துப் போடுகிறவன் வேறு எதைத்தான் செய்யமாட்டான் என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். ஒரு வருடச் சிறை. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வந்தார். லைசென்ஸ் போயிற்று, வேலை போயிற்று. அதற்குப் பிறகு அவர் கைக்கு வந்ததெல்லாம் அக்கம்பக்கத்து மிக்ஸிகளும் மின்விசிறிகளும்தான். மேல்முறையீடு வாய்தா மேல் வாய்தாவாக ஓடியது.

அமரர் விஷயம் அவருக்குத் தெரியாது என்றுதான் நேற்று மத்தியானம் வரை நம்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்கு ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "லீவு சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்பா. சொந்தத்துல ஒருத்தருக்கு முடியலைன்னு."

"சித்தப்பான்னு சொல்லிடு. நான் ஏற்கெனவே ஒரு தடவை போயிட்டேன்ல. ரெண்டாவது தடவைக்கு லீவு தருவாங்களா என்ன?"

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. ஸ்பூனில் இருந்த தண்ணீர் தலையணையில் கொட்டியது. அலுவலகத்திலிருந்து முதன்முதலில் வந்த தபாலை அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாராம். அதில் தன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று இருந்ததைப் படித்தாராம். மறுபடி ஒட்டி அவள் மேசையில் வைத்தாராம். ஆறு வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே டிவியைப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'மன்னிச்சிடுங்கப்பா' என்று அவள் ஆரம்பிப்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கட்டும், சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். சாயங்காலம் அவர் விழிக்கவில்லை.

கூடத்தில் கிடத்தியாயிற்று. பன்னிரண்டு மணி வாக்கில் வக்கீலம்மா வந்தாள். சற்று நேரம் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மகளையும் அத்தையையும் சமையலறைக்குள் அழைத்துப்போனாள். கூப்பிடாமலே குட்டையனும் வாசல்படியில் வந்து நின்றார்.

"இந்த நேரத்துல பேசறது தப்புதான். பேசாம விட்டா அதைவிடத் தப்பு. அப்பீல் பண்ணவர் இறந்துட்டா அப்பீலும் அதோட முடிஞ்சிடும்."

"முடியட்டுமே," என்றாள் அத்தை. "போனவனை ஜெயில்லயா போடப்போறாங்க?"

"போட மாட்டாங்க. ஆனா கீழ்க்கோர்ட் தீர்ப்பு அப்படியே நிக்கும். அவர் குற்றவாளியாத்தான் போயிருக்கார்னு ஆயிடும். நெருங்கின சொந்தம் முப்பது நாளுக்குள்ள மனு போட்டா, அவருக்காகத் தொடர்ந்து நடத்தலாம். இப்பதான் ஜெயிக்கற மாதிரி இருக்கு. சாட்சி இருக்கு."

குட்டையன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணன் அந்தத் தாளை எழுதினப்போ டார்ச் பிடிச்சவன் நான்தான். மேனேஜர் கையில குடுத்ததையும் பார்த்தேன்."

குட்டையன் அதே கம்பெனியில் ஓய்வுபெற்று இரண்டு மாதம் ஆகிறது. அதுவரை அந்தத் தாள் அவர் நினைவுக்கு வந்ததே இல்லை. மகளுக்கு அவர்மேல் அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆனால் நான்கு மாடியும் தலைமாட்டை விடாமல் தூக்கி வந்தவரும் அவர்தான். தான் பயந்ததைவிட அந்த மனிதர் அதிகமாகவா பயந்துவிட்டார் என்றும் தோன்றியது.

"மனுவுல நான் கையெழுத்துப் போடறேன்," என்றாள் அத்தை அவசரமாக. "கூடப் பொறந்தவதானே. இவளை விட்டுடுங்க."

"போடலாம். மகள் இருக்கும்போது ஏன் தங்கச்சின்னு கேப்பாங்க. பெத்த பொண்ணே நம்பலையோன்னு நினைப்பாங்க. ஏன், இவங்களுக்கு என்ன?"

மகள் சொன்னாள். விண்ணப்பம், அமரர், தேதி, எல்லாவற்றையும். வக்கீலம்மா முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"மனுவுல உங்க பேரு, விலாசம், அவர் இறந்த தேதி, எல்லாம் வரும். ஆபீசுக்குத் தெரியாம இருக்காது. வேலை போகும். பொய்த் தகவல் குடுத்தீங்கன்னு உங்க மேலயே அவங்க கேஸ் போடவும் இடமிருக்கு. நான் மழுப்பிப் பேசப் போறதில்லை. அவசரப்படவும் வேண்டாம்."

"அதான் முப்பது நாள் இருக்கே," அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "காரியமெல்லாம் முடியட்டும், மெதுவா யோசிப்போம்டி."

"முப்பது நாள் இருந்தா முப்பது நாளும் யோசிப்பேன் அத்தை. ஆறு வருஷம் யோசிக்கலையா?"

வக்கீலம்மாவின் பையிலிருந்து வந்த காகிதத்தை அடுப்பு மேடையில் வைத்து, ஈரம் படாமல் ஒரு தட்டை ஒதுக்கிவிட்டு எழுதினாள். இறந்தவருக்கும் மனுதாரருக்கும் உறவு: மகள். இறந்த தேதி என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. இன்று என்ன தேதி என்று குட்டையனிடம் கேட்டு எழுதினாள்.

பிறகு அடுத்த அறைக்குப் போய், அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தானே போன் செய்தாள். பிரிவுத் தலைவர் எடுத்தார்.

"என்னம்மா, காலையிலேர்ந்து கூப்பிடறோம். சொந்தக்காரர் எப்படி இருக்கார்?"

"எங்கப்பா சார். இன்னைக்குக் காலையில இறந்துட்டார்."

அந்தப் பக்கம் ஏதோ காகிதம் புரளும் சத்தம் கேட்டு நின்றது. "உங்க அப்பாவா?"

"ஆமா சார். ஃபைல்ல நான் எழுதினது பொய். அவர் மேல ஒரு கேஸ் இருந்தது, இன்னும் இருக்கு. எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடறேன்."

கத்துவார் என்று காத்திருந்தாள். அந்த மனிதரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறென்ன கேட்பதென்று தெரியாமல், எல்லோரும் கேட்பதைக் கேட்டார்.

"அப்பாவுக்கு என்ன வயசும்மா?"

"அறுபத்தி மூணு சார்," என்றாள். அப்போதுதான் குரல் உடைந்தது. "லிஃப்ட் மெக்கானிக்," என்றாள், அவர் கேட்காமலேயே.