பெருக்கினால் பெருகணும்ல?

எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் நான் பாடம் எடுக்கும் ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமிக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். எட்டை அரையால் பெருக்கி நான்கு என்று எழுதியவள், தன் விடையையே முறைத்தாள்.

"பெருக்கினா பெருகணும்ல டீச்சர்? இது குறையுதே."

விளக்கம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, விழுங்கினேன். அவள் சண்டை, அவளே போடட்டும்.

"வீட்டைப் பெருக்கினா குப்பை குறையுதுல்ல?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்காமல் முணுமுணுத்தாள்.

"ரெண்டால பெருக்கினா ரெண்டு எட்டு. ஒண்ணால பெருக்கினா ஒரு எட்டுதான், கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அப்ப அரையால பெருக்கினா அரை எட்டு. நாலுதான்."

பிறகு நிமிர்ந்தாள். "கணக்கு சரி டீச்சர். பேரு வச்சவங்கதான் தப்பு."

ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் இந்தத் தீர்ப்பைச் சொல்லி முடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது.