பச்சைக் கேட்டு நாயிடம் சுகம் விசாரிக்கவும்

அந்த ஊருக்கு யாரும் சுற்றிப் பார்க்க என்று வந்ததில்லை. ரயில் இரண்டே நிமிடம் நிற்கும். இறங்குகிறவர்கள் ஒன்று உள்ளூர்க்காரர்களாக இருப்பார்கள், அல்லது வேறு ரயிலுக்கு மாறுகிறவர்களாக இருப்பார்கள். இணையத்தில் ஒரே ஒரு ஆள் ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் போட்டு, ‘பிளாட்பாரம் சுத்தமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து, முகம் தெரியாத அந்த ஆள் மேல் ஏழாம் பீட் தபால்காரிக்குத் தீராத கோபம்.

ஒருவர் தினமும் தபால் பட்டுவாடா செய்கிற தெருக்களைத்தான் பீட் என்பார்கள். பதினாறு வருடமாக ஏழாம் பீட் அவளுடையது. எந்த வீட்டில் அழைப்பு மணி வேலை செய்யாது, எந்த வீட்டில் மணி அடித்தால் குழந்தை எழுந்து அழும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவளுக்கு ஒரே தம்பி. கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஊர் அவனைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடும். எட்டு மாதத்துக்கு முன் ரயிலில் வரும்போது, இருக்கையில் அவன் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டில் ஏழு கண்ணாடி காலி. “மிச்சம் அஞ்சு இருக்கே, அதை நினைச்சு சந்தோஷப்படுங்க” என்றாளாம். அங்கே விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெண் பெருநகரத்து மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். தம்பி அவளை டாக்டரம்மா என்பான். இப்போது அவள் கையில் இரண்டு வேலை உத்தரவுகள் இருந்தன. ஒன்று, இருக்கிற இடத்திலேயே பதவி உயர்வு. மற்றது, இந்த ஊர் மருத்துவமனையில் புதிதாகத் திறந்த பிரிவு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“சனிக்கிழமை வந்து உங்க ஊரைப் பாக்கறேன்” என்று போனில் சொல்லியிருந்தாள். “பிடிச்சா நான் அங்க வர்றேன். பிடிக்கலைன்னா நீங்க கடையைக் கட்டிட்டு இங்க வந்துடுங்க. ஆனா ஒண்ணு, நீங்க கூட வரக் கூடாது. ஊரைப் பாக்க விடாம என் மூஞ்சியையே பாத்துட்டு இருப்பீங்க. எங்கெங்க போகணும்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க, போதும்.”

தம்பி உடனே சரி என்றுவிட்டான். அவன் அத்தனை சுலபமாகச் சரி என்றதுதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அப்பா அம்மா இல்லை. அவளுடைய கணவன் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் தலை காட்டினால் அதிகம். தம்பியும் போய்விட்டால் அந்த மூன்று அறை வீட்டில் அவளோடு பேச சுவர்க்கடிகாரம் மட்டும்தான் மிஞ்சும்.

“அக்கா, நீயே எழுதிக் கொடு. ஊரை உன்னைவிட யாருக்குத் தெரியும்?” என்றான் அவன்.

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினாள். ஏரிக்கரை, மணிக்கூண்டு, பழைய நூலகத்து மாடி, கடைசியில் ஆற்றுப் பாலம் என்று வரிசை பிடித்தாள். கூடவே இன்னொரு வேலையும் இருந்தது. சனிக்கிழமைக்கு அவள் லீவு போட்டிருந்ததால், அவளுக்குப் பதில் ஏழாம் பீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதையும் எழுதினாள். இரண்டும் அலுவலகத்துப் பழைய தாளின் பின்பக்கத்தில்; இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்பு உறைகளில்.

சனிக்கிழமை காலை ஒரு உறையைத் தம்பியின் சட்டைப் பையில் செருகி ஸ்டேஷனுக்கு விரட்டிவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனாள். பதிலுக்கு வந்திருந்தவரை எல்லோரும் சட்டப்புத்தகம் என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் உள்ளேயே உட்கார்ந்து தபால் பிரித்தவர். விதியில் எழுதியிருந்தால் நெருப்பிலும் இறங்குவார். எழுதாவிட்டால் எழுந்துகூட நிற்க மாட்டார்.

“என்ன செய்யணும்னு எழுத்துல இருக்கா?” என்று கேட்டார்.

“எல்லாம் இருக்கு சார்.”

“அப்ப ஒரு வரி விடாம செஞ்சுடறேன்” என்று உறையை வாங்கிக்கொண்டார்.

பிறகு அவள் தம்பியின் கடைக்கு வந்தாள். டாக்டரம்மா சீட்டை வாங்கிக்கொண்டு, அவனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தனியாகவே நடந்து போய்விட்டாளாம். தம்பி ஒரே கண்ணாடியை அரை மணி நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“டேய், அதுல பவரே அழிஞ்சுடப் போகுது, கீழ வை” என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. சட்டப்புத்தகம்.

“ஏரிக்கரைல அரச மரத்தடி பெஞ்சுல பத்து நிமிஷம் சும்மா உட்காரணும்னு போட்டிருந்தீங்க. உட்கார்ந்துட்டேன்” என்றார். “அடுத்து மணிக்கூண்டுல நூத்திப் பதினோரு படி ஏறணும்னு இருக்கு. தபால் பையோட ஏறணுமா, கீழ வச்சுட்டு ஏறணுமா? அது மட்டும் எழுதலை.”

“சார், இருந்த இடத்துலயே இருங்க” என்று சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். போனில் வந்த குரல் அவனுக்கும் கேட்டிருந்தது.

“அப்ப அவகிட்ட இருக்கறது?”

“ஏழாம் பீட் குறிப்பு.”

“அதுல என்ன எழுதியிருக்கே?”

அவள் நினைவிலிருந்து ஒப்பித்தாள். நீதிமன்றத்துப் பின்தெருவில் தொடங்கவும். வெயில் ஏறும் முன் இரட்டைப்படை எண்களை முடிக்கவும், அப்புறம் அந்தப் பக்கம் நிழல் இருக்காது. பன்னிரண்டு, பச்சைக் கேட்டு: நாய் உண்டு, ‘உடம்பு எப்படி இருக்கு?’ என்று கேட்டால் உட்கார்ந்துவிடும்.

“ஐயோ அக்கா! நாயா? ஊரைப் பாக்க வந்தவளை நாய்கிட்ட அனுப்பிட்டியா?”

“கடிக்காதுடா.”

“அவளுக்கு அது தெரியுமா? போச்சு. எல்லாம் போச்சு. கடையை விக்க ஆள் பாக்க வேண்டியதுதான்.”

போன் போட்டுப் பார்த்தான். ‘இன்னைக்கு முழுக்க போன் அணைச்சிருக்கும், ஊரை மட்டும் பாக்கறேன்’ என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்கா ஸ்கூட்டரை எடுத்தாள், தம்பி பின்னால் ஏறிக்கொண்டான். வழியில் ஏரிக்கரையில் நிறுத்தி, சட்டப்புத்தகத்திடமிருந்து தபால் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். ஊர்த் தபால் ஊருக்குப் போயாக வேண்டுமே.

அவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். “மிச்ச வரிகளை என்ன பண்றது? பாதியில விட்டு எனக்குப் பழக்கமில்ல.”

“அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துட்டு முடிச்சுடுங்க சார்.”

“இருபத்திரண்டு வருஷமா ஏரிக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கேன்” என்றார் அவர், தண்ணீரைப் பார்த்தபடி. “இந்தப் பெஞ்சு இருக்கறதே தெரியாது.”

பின்தெருவில் அக்கா நடந்துகொண்டே தபால் போட்டாள். பின்னால் தம்பி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான். பச்சைக் கேட்டு வீட்டு வாசலில் நாய் சாதுவாக உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்.

“உங்களைச் சேர்ந்த பொண்ணா அது?” என்றார். “கேட்டுக்கு வெளிய நின்னு எங்க நாய்கிட்ட ரொம்ப மரியாதையா உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. அது உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். நான் சொன்னாக்கூட இப்படி உட்காராது.”

தம்பிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒற்றைப்படைப் பக்கம் திரும்பினார்கள். ஒன்பதாம் எண்ணில் ஓய்வு பெற்ற நீதிபதி. யார் கதவைத் தட்டினாலும் உள்ளிருந்து அவரே “அவர் வீட்ல இல்லை” என்பார். ‘அப்ப இல்லாதவர்கிட்டயே கையெழுத்து வாங்கிக்கறேன் என்று சொல்லவும், சிரித்துக்கொண்டே திறப்பார்’ என்று குறிப்பில் இருந்தது.

“திறந்தேன்” என்றார் நீதிபதி. “கையெழுத்து எங்கம்மா போடணும்னு கேட்டேன். தபாலும் இல்லை, ஒண்ணும் இல்லை. கையில இருந்த சீட்டையே நீட்டிச்சு. போட்டுக் கொடுத்துட்டேன். நாப்பது வருஷத்துல எதுக்குன்னு தெரியாம நான் போட்ட கையெழுத்து அது ஒண்ணுதான்.” சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

பதினேழாம் எண்ணில் கணக்கு வாத்தியார். மகன் வெளிநாட்டில். அவனிடமிருந்து கடிதம் உண்டா என்று தினமும் கேட்பார். ‘இல்லை என்று சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லவும்’ என்று எழுதியிருந்தாள். பையில் கை விட்டவள் நின்றுவிட்டாள். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய நீல உறை ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

“அந்தப் பொண்ணு அடுத்த வாரம்னுதானே சொல்லிச்சு?” என்றார் வாத்தியார், உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. “எனக்குத் தெரியும், நீயும் அப்படித்தான் சொல்லுவே. ஆனா அது சொல்லிட்டுப் போகலைம்மா. உள்ள வந்து, பையன் கடைசியா எப்ப எழுதினான், என்ன எழுதினான்னு கேட்டு, பழைய கடிதத்தை முழுசா வாசிச்சுட்டுத்தான் போச்சு.”

அக்கா வெளியே வந்ததும் தம்பி மெதுவாகக் கேட்டான்: “அவளுக்குப் பிடிச்சிருக்கோ?”

“நடடா” என்றாள். பையைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கடைசி எண் முப்பத்தொன்று, மாடியில் தையல்காரர். ‘மூன்றாம் படி ஆடும், தாண்டி ஏறவும்’ என்று குறிப்பில் இருந்தது. படியில் கால் வைக்கும்போதே மேலே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால், தையல்காரர் சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களைச் சிலந்தி மாதிரி சுவரில் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டாக்டரம்மா, துணி அளக்கிற டேப்பை வைத்து எவ்வளவு உயரம் ஏறியது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் ரெண்டு விரற்கடை. ம், சுவர் ஓடாது, மெதுவா!” என்றவள், இவர்களைப் பார்த்ததும் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தாள். “வாங்க, வாங்க. நீங்கதானே அக்கா? எல்லா ஊர்லயும் மணிக்கூண்டைப் பாரு, ஏரியைப் பாருன்னு எழுதுவாங்க. நாயை எப்படிக் கூப்பிடணும், எந்தப் படி ஆடும்னு எழுதிக் கொடுத்த ஊர் இது ஒண்ணுதான். என்ன மூளைங்க உங்களுக்கு!”

தம்பி அக்காவின் காதோரம் குனிந்தான். “சொல்லாதே அக்கா. உன் கால்ல வேணா விழறேன். அவளுக்குப் பிடிச்சுப் போச்சு.”

அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். சும்மா இருந்தால் தம்பி ஊரில் இருப்பான். வீடு வீடாக இருக்கும். வாயைத் திறந்தால், நாளைக்கே கடைக்கு ஆள் பார்க்க வேண்டி வரலாம். ஆனால் தோளில் தபால் பை கனத்தது. அதை மாட்டிக்கொண்டு பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

“பதினாறு வருஷத்துல ஒரு தபாலை வீடு மாத்திக் கொடுத்ததில்லம்மா” என்றாள். “இன்னைக்குக் கொடுத்துட்டேன். அது உனக்கு எழுதினது இல்ல. லீவுக்குப் பதிலா பட்டுவாடா பண்றவருக்கு எழுதினது. உனக்கு எழுதின ஏரியும் மணிக்கூண்டும் அவர்கிட்டப் போயிடுச்சு.”

தையல்காரர் சுவரில் ஏற்றின கையை இறக்காமல் அப்படியே நின்றார்.

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள்.

“அதான், கடைசி வரியில ‘பை கனத்தால் தோள் மாற்றவும்’னு இருந்தது. என் கைப்பை கனமாத்தான் இருந்துது. எவ்வளவு அக்கறைன்னு நினைச்சேன்!” என்றாள். அவ்வளவுதான், வெட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். “கல்யாணத்துக்கு முன்னாடியே நாத்தனார் வேலையைக் காட்டிட்டீங்களே அக்கா!”

‘நாத்தனார்’ என்ற வார்த்தை அக்காவின் காதில் விழுந்தது. தம்பிக்குத்தான் விழவில்லை.

“அப்ப திங்கட்கிழமை என்ன பதில் சொல்லப் போறே?” என்று பரிதாபமாகக் கேட்டான்.

அவள் சீட்டை அவனிடம் நீட்டினாள். அக்காவின் எழுத்துக்குக் கீழே நீதிபதியின் கையெழுத்து. அதற்கும் கீழே புது எழுத்தில் நாலு வரி. ‘முப்பத்தொன்று: தையல்காரர். வலது தோள். செவ்வாய்தோறும். பதினேழு: வாத்தியார். முழங்கால். வியாழன். ஒன்பது: நீதிபதி. நடக்கவே மாட்டேன் என்கிறார். மாலையில் இழுத்துப் போகவும். பன்னிரண்டு: நாய்க்கு ஒரு குறையும் இல்லை.’

“செவ்வாய்தோறும்னா எத்தனை நாளைக்கு?” என்றான் தம்பி.

“பூதக்கண்ணாடின்னு உங்களுக்கு யாரு பேர் வச்சது? எழுத்து இவ்ளோ பெரிசா இருக்கு, இன்னும் தெரியலையா?”

தையல்காரர் சுவரிலிருந்து கையை எடுத்துத் தட்டினார். தோள் வலித்து “ஆ” என்று கத்தி, மறுபடி தட்டினார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசித் தபாலை, அவருக்கு வந்த நூல் கம்பெனி விலைப்பட்டியலை, மேஜையில் வைத்தாள்.

“அந்த இன்னொரு சீட்டையும் பாத்துடலாமே. நாள் இன்னும் முடியலையே” என்றாள் டாக்டரம்மா.

மூவரும் ஆற்றுப் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறமாகியிருந்தது. பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சட்டப்புத்தகம் நின்றிருந்தார். சட்டையில் மணிக்கூண்டுத் தூசி, கையில் நூலகத்து உறுப்பினர் அட்டை.

“எல்லாம் முடிஞ்சுது, ஒரு வரிதான் பாக்கி” என்றார், சீட்டைத் தூக்கிக் காட்டி. “சூரியன் தண்ணியில இறங்கற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

தம்பி ஏதோ சொல்ல வந்தான். அவர் விரலை உதட்டில் வைத்து, சீட்டைத் தட்டிக் காட்டினார். எழுத்தில் இருக்கிறதே, என்ன செய்ய? நாலு பேரும் வரிசையாகச் சுவரில் சாய்ந்து வாயை மூடிக்கொண்டார்கள். முதலில் டாக்டரம்மாவின் தோள்தான் சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தது.