தர்பூசணிப் பச்சை

வீட்டை விட்டுப் போன பதினோராம் நாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தச்சரின் மனைவி திரும்பி வந்தாள். கையில் பெட்டி இல்லை. தடித்த கறுப்பு மார்க்கர் ஒன்றும் வெள்ளை ஒட்டுத்தாள் சுருள் ஒன்றும்தான் இருந்தன.

தச்சர் கதவைத் திறந்தார். வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

"தம்பி பன்னெண்டு மணிக்கு வண்டி எடுத்துட்டு வரான். மிச்ச சாமானை ஏத்தணும். அதுக்குள்ள உங்க சாய பாட்டிலுக்கெல்லாம் பேர் எழுதிக் கொடுத்துடறேன்," என்றாள்.

"அதுக்கா வந்தே?"

"அதுக்குத்தான் வந்தேன். தூண்டில் கடை ஆர்டரு அப்படியே நிக்குதுல்ல?"

நின்றுகொண்டுதான் இருந்தது. மீனுக்கு இரை போலத் தூண்டிலில் மாட்டுகிற ரப்பர் புழு நாற்பது பாக்கெட், அத்தனையும் தர்பூசணிப் பச்சை, அதாவது பச்சையில் சிவப்பும் கறுப்பும் மினுங்குகிற நிறம். ஏரியில் மீன் நன்றாகக் கடிக்கிற பருவம் தொடங்கப் போகிறது. தச்சருக்கு மரவேலை வாரத்தில் ஐந்து நாள். சனி, ஞாயிறில் பின்னறையில் மின்னடுப்பை வைத்து, திரவப் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, அலுமினிய அச்சில் ஊற்றித் தூண்டில் புழு செய்வார். அச்சுகளை அவரே அளவு கொடுத்துக் கடையச் சொல்லி வாங்கியிருந்தார். வால் மெலிந்து நெளிகிற அந்த வாகு வேறு யாருக்கும் வரவில்லை என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஆனால் ஒரு சங்கதி ஊரில் யாருக்கும் தெரியாது. தச்சருக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. கல்யாணமான புதிதில் அவர் பச்சை என்று நினைத்து ஊற்றிய ஒரு தட்டுப் புழுவைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, துருப்பிடிச்ச ஆணி மாதிரி இருக்கு?" என்று அவள் சிரித்தாள். சிரித்து முடித்தபோதுதான் அவர் முகம் தொங்கிப் போயிருப்பதைக் கவனித்தாள். அன்றே சாய பாட்டில்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தையற்கடையில் துணிக்கு நூல் பொருத்துகிறவள் அவள். நூறு பச்சைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பச்சையை எடுத்து நீட்டுகிற கண். பதினாறு வருடமாக அச்சு அவருடையது, நிறம் அவளுடையது. வெளியே யாராவது கேட்டால், "அது தொழில் ரகசியம்" என்று தச்சர் பூசி மெழுகிவிடுவார்.

பின்னறை அவள் விட்டுப்போனபடியே இருந்தது. புகையை வெளியே தள்ளுகிற காற்றாடி, மேசையில் வெந்த பிளாஸ்டிக் சொட்டிய தழும்புகள், அலமாரியில் இரண்டு வரிசை பாட்டில்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எழுதி ஒட்டினாள். பெரிய பெரிய எழுத்து.

"இது பச்சை. இது பழுப்பு. ரெண்டும் ஒரே மூடி, அதான் பச்சையை இடது கோடியில வெச்சுட்டேன். மாத்தி வெக்காதீங்க."

"சரி."

"ஒரு கப் பாலுக்குப் பச்சை பன்னெண்டு சொட்டு, பழுப்பு மூணு." காய்ச்சாத பிளாஸ்டிக் வெள்ளையாக இருப்பதால் இருவரும் அதைப் பால் என்றுதான் சொல்வார்கள். "பால் நல்லாக் காஞ்சு கண்ணாடி மாதிரி ஆனப்புறம்தான் சாயம். ஜிகினாத் தூள் கடைசியில. போட்டதும் கலக்கி உடனே ஊத்திடணும், இல்லேன்னா அத்தனையும் அடியில போய் உக்காந்துடும்."

"அது தெரியும்."

"தெரியும்னு சொல்லிட்டு ஃபோன் பாத்துட்டு நிப்பீங்க."

இருவரும் ஒரு நொடி சிரித்தார்கள். சட்டென்று அவள் ஜிகினா டப்பாக்களின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கறுப்பு அரை ஸ்பூன். சிவப்பு கால் ஸ்பூன், தலை தட்டி. அதுக்கு மேல போனா புழு பிஞ்சுடும். கைவேலைக்கு விக்கிற மலிவுத் தூளை வாங்கிடாதீங்க, சூட்டுல சாயம் விட்டு எல்லாம் கலங்கிடும்." பிறகு ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். "இது ஒரு சிட்டிகை."

"இது என்னது?"

"செம்புக் கலரு."

"தர்பூசணியில செம்பு ஏது?"

"எட்டு வருஷமாப் போடறேன். வெறும் சிவப்பு செத்துப்போன மாதிரி இருந்துச்சு. இதைக் கொஞ்சம் போட்டா, திருப்பும்போது செதில் மின்னுற மாதிரி ஒரு மினுக்கு வரும்."

தச்சர் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தூண்டில் கடைக்காரர் ஒவ்வொரு வருடமும் சொல்வார், உங்க புழுவுல மட்டும் என்னவோ இருக்குண்ணே என்று. வாலின் வளைவைத்தான் சொல்கிறார் என்று இவர் மார்தட்டிக்கொண்டிருந்தார். அந்த மினுக்கு பச்சைக்குள் கரைந்து இவர் கண்ணுக்கு இதுவரை எட்டியதே இல்லை.

"சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேக்கலையே," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. 

அவள் ஏன் போனாள் என்று அவருக்குத் தெரியும். போகும்போது அவளே சொல்லிவிட்டுத்தான் போனாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் மார்பில் ஒரு கட்டி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு சொல்கிற அன்று விடியலிலேயே தச்சர் தூண்டிலோடு ஏரிக்குப் போய்விட்டார். அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை என்றார்கள். தனியாகவே பஸ் பிடித்து வீடு வந்தபோது அவர் பின்னறையில் இருந்தார். காலடிச் சத்தம் கேட்டு அவரே ஏதோ சாயம் கலந்து ஊற்றியிருந்த ஒரு புழுவைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பச்சை சரியா வந்திருக்கா பாரு," என்றார்.

"பழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள். சாப்பிடும்போதுதான் அவர் கேட்டார், "ஒண்ணுமில்லல்ல?" "ஒண்ணுமில்ல." அத்தோடு முடிந்தது. அவருக்கு முடிந்தது. அவள் எட்டு மாதம் அதைச் சுமந்துகொண்டு, ஒரு நாள் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கவே அவர் ஒரு கப் செய்து காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. சொட்டுகளை எண்ணி விட்டார். தூள்களைத் தலை தட்டிப் போட்டார். செம்பு டப்பாவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அன்னிக்கு நான் மீன் பிடிக்கப் போகல," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கொண்டுபோன தூண்டிலைத் தொடவே இல்ல. படகுத்துறை படியில உக்காந்திருந்தேன். டாக்டர் உன்கிட்ட சொல்றப்போ பக்கத்துல இருக்க எனக்குத் தெம்பில்ல. நீ உள்ள வந்தப்போ உன் நடையை வெச்சே நல்ல சேதின்னு புரிஞ்சுபோச்சு. அப்புறம் என்ன பேசறதுன்னு தெரியல. கையில இருந்ததைக் காட்டிட்டேன்."

அவள் மார்க்கரை மூடி வைத்தாள்.

"அழுதீங்களா அங்க?"

"ம்."

"எனக்குப் பக்கத்துல உக்காந்து அழுதிருக்கலாம்ல," என்றாள். அவள் கண் நிரம்பிவிட்டது. "எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்."

"இப்ப நீ இருந்துடேன்."

 கப்பின் மேல் ஆடை கட்டத் தொடங்கியது. செம்பில் ஒரு சிட்டிகை போட்டு, கரண்டியை வாங்கி அவளே ஒரு கலக்குக் கலக்கினாள்.

"நீங்க சொல்றதை நம்பறேன். நிஜமா நம்பறேன். ஆனா அன்னிக்கு அந்த பஸ்ஸுல வந்தேன் பாருங்க, பாதி வழியிலயே நான் தனியாளுன்னு எனக்குப் பழகிப்போச்சு. திரும்ப வர முடியலங்க. முயற்சி பண்ணித்தான் பாத்தேன், எட்டு மாசம். ஊத்துங்க, ஆறிடும்."

அவர் ஊற்றினார். அச்சுக்கு வெளியே பாதி வழிந்தது.

பன்னிரண்டு அடிக்கும் முன்பே மைத்துனன் வந்துவிட்டான். "மாமா," என்றான், காலைப் பார்த்துக்கொண்டு. தையல் இயந்திரத்தை ஒரு பக்கம் அவன் பிடிக்க, மறுபக்கம் தச்சரே பிடித்து வண்டியில் ஏற்றினார். ஆடாமல் இருக்கக் கயிறு போட்டு முடிச்சுப் போட்டார். அவள் முன்னிருக்கையில் ஏறி, "வேளைக்குச் சாப்பிடுங்க," என்றாள். வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அவர் பாதி தூக்கிய கையோடு நின்றார்.

அடுத்த வாரம் முழுவதும் வேலையிலிருந்து வந்ததும் பின்னறைதான். அவள் எழுதியதைப் படித்துப் படித்து நாற்பது பாக்கெட்டையும் முடித்தார். சரியாக வந்ததா என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தூண்டில் கடைக்குப் போனார்.

கடைக்காரர் ஒரு புழுவை எடுத்து வாசல் வெளிச்சத்தில் திருப்பினார். "அடடா! மினுக்கு அப்படியே இருக்குண்ணே. அடுத்த மாசம் இன்னொரு நாப்பது போட்டுடுங்க. கொஞ்சம் ஊதா கலந்து புதுசா ஒண்ணு பண்ணுங்களேன்."

"புதுசா என்னால முடியாது."

"ஏன்?"

"எனக்குக் கலர் தெரியாது. பச்சை எது சிவப்பு எதுன்னே தெரியாது. எல்லாம் அவ செஞ்சது."

கடைக்காரர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். "சரி, அண்ணிகிட்டயே சொல்லிடுங்க. ஊருக்குப் போயிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். எப்ப வர்றாங்க?"

தூண்டில் முள் வாங்க வந்த ஒரு ஆள் கல்லாவுக்கு அருகே நின்றிருந்தான். தச்சர் அவனைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார். வேலையிடத்திலும் பக்கத்து வீட்டிலும் இத்தனை நாளாகப் பிடி கொடுக்காமல் சமாளித்திருந்தார்.

"வர மாட்டா," என்றார். சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. "இனிமே வர மாட்டா."

கடைக்காரரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கல்லாவைச் சுற்றி வெளியே வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தோளை அழுத்தி அவரை உட்கார வைத்தார். தச்சர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முள் வாங்க வந்தவன் எதுவும் கேட்காமல் வாசலுக்குப் போய், உள்ளே வரப் பார்த்த இன்னொருவரை, "கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க," என்று நிறுத்திவைத்தான்.