தேறியவை இரண்டு

கணவரின் உடலை ஹாலில் கிடத்தியிருக்க, அவள் வாசலில் குந்தி அவருடைய ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனியில் நனைந்து காய்ந்த தோலில் வெள்ளைக் கோடு விழும். இதில் ஒரு கோட்டையும் காணோம். முழங்கால் ஆழப் பனி கிடக்கும் ஏரிக்கரைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவரின் ஷூவா இது?

"அண்ணி, அங்க என்ன பண்றீங்க? ஆளுங்க வந்துட்டே இருக்காங்க" என்றாள் நாத்தனார்.

"ஷூவத் தொடைக்கிறேன்."

"இப்பவா?" என்றவள், அண்ணனின் ஷூவைப் பார்த்ததும் மறுபடி அழத் தொடங்கினாள்.

குடும்பத்தில் அவளுக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி இருட்டறையில் எக்ஸ்ரே படங்களைக் கழுவிய வேலை ஒரு காரணம். அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பது இன்னொரு காரணம். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் கணவர் லீவு நாளென்றால், ஓய்வு பெற்ற பிறகு நினைத்த நாளெல்லாம், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். உறைந்த ஏரி, பனி தாங்காமல் சாய்ந்த வேலி, ரொட்டிக்கடை வரிசை, எல்லாம் கறுப்பு வெள்ளைதான். ஃபிலிம் ரோலை இவளிடம் நீட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. பாத்ரூமை இருட்டாக்கிக் கழுவி, முப்பத்தாறு படங்களையும் பொடிப்பொடியாக ஒரே தாளில் அச்சிட்டு, லென்ஸும் சிவப்புப் பென்சிலுமாக உட்கார்வது இவள். பெரிதாக்கத் தகுந்த படத்துக்கு ஒரு டிக்.

"எத்தனை தேறும்?" என்று கதவுக்கு வெளியிலிருந்தே கேட்பார்.

"ரெண்டு."

"கருமி" என்று முனகிக்கொண்டே போவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மூன்றாவது டிக் ஒருநாளும் விழுந்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன் கொடுத்த ரோலில்தான் வினை வந்தது. ஏரிக்கரைச் சாய்ந்த மரம் அதில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. சாலையை அகலப்படுத்துவதற்காகப் போன கோடையிலேயே வெட்டிய மரம்! அடிக்கட்டையை அவளே பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எடுத்தது என்று மனுஷன் கூசாமல் சொன்னார். அவள் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்வார், அப்புறம் அந்தப் பொய்யோடும் குடித்தனம் நடத்த வேண்டும்.

கேட்பதற்குப் பதில் வேவு பார்த்தாள். மூன்று மணி நேரம் குளிரில் நின்றதாகச் சொல்பவரின் கை இதமாகச் சூடாக இருந்தது. நேற்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் வடக்கே ஏரிக்கரையில் இல்லை, நேர் எதிராகத் தெற்கே, பழைய மார்க்கெட் தெருவில். அந்தத் தெருவில் ஒரு மூன்றாம் மாடி வீடு, கனத்த திரைச்சீலை, மூலையில் ஹீட்டர், கையில் காப்பியோடு ஒருத்தி. அந்த ஒருத்திக்கு மூக்கும் முழியும் வரைக்கும் இவளே வைத்துவிட்டாள்.

காலையிலிருந்து உள்ளே வந்த பெண்கள் ஒருவரையும் அவள் கண் விடவில்லை. பச்சைக் கழுத்துத்துணி கட்டியவள் அழுத அழுகை கொஞ்சம் அதிகப்படியாகத்தான் இருந்தது. விசாரித்தால், பஸ் டிப்போ ஆபீஸ்காரி, யார் செத்தாலும் அப்படித்தான் அழுவாளாம்.

மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் தெரிந்தாக வேண்டும். அவர் மண்ணுக்குள் போன பிறகு யாரோடு சண்டை போடுவது?

இரண்டே முக்காலுக்கு ஸ்டூடியோக்காரர் வந்தார். கணவர் அச்சுத்தாள் வாங்கி வரும் கடையின் முதலாளி.

"எங்க கடை வாசல்லதான்க்கா அண்ணன் விழுந்தாரு" என்றபோது அவருடைய ஒரு கை கோட்டுக்குள்ளேயே இருந்தது.

தாழ்ப்பாள் உள்ள அறை பாத்ரூம் ஒன்றுதான். அவரை அங்கே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவரு அங்க எதுக்கு வந்தாரு?"

"சும்மா, ஃபிலிம் வாங்க..."

"ஃபிலிம் இங்க பெட்டி பெட்டியா கெடக்கு. அந்தப் பொம்பளைக்கு எந்த வீடு?"

"எந்தப் பொம்பளக்கா?"

நடிக்கிறாரா என்று உற்றுப் பார்த்தாள். இவ்வளவு நன்றாக நடிக்க அந்த முகத்துக்கு வராது.

"சரி, கோட்டுக்குள்ள என்ன?"

"யாருக்கும் காட்டக் கூடாதுன்னாரு. முக்கியமா உங்களுக்கு."

அவள் கையை நீட்டினாள். எக்ஸ்ரே கை நீட்டினால் கொடுக்காமல் இருப்பது கஷ்டம். பழுப்பு உறை வெளியே வந்தது.

உள்ளே நான்கு தாள்கள், தாளுக்கு முப்பத்தாறு படங்கள். எல்லாம் கடை வாசலிலிருந்தே எடுத்தவை. ரொட்டிக்கடை வரிசை புகையாகக் கலைந்திருந்தது. பனி அள்ளுகிறவனுக்குத் தலை இல்லை. பனியே சில படங்களில் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கை நடுக்கமோ என்றுதான் முதலில் நினைத்தாள். நடுங்கினால் கோடுகள் இரட்டிக்கும், இதில் அப்படி இல்லை. ஆட்கள் எல்லோரும் ஓரத்தில் இருந்தார்கள், எந்தப் படத்திலும் நடுவில் எதுவுமே இல்லை. ஓரக்கண்ணால் மட்டும் பார்க்க முடிந்தவர் எடுத்த படங்கள்.

"எப்பலேர்ந்து?"

"போன குளிர்லயே ஆரம்பிச்சு, இந்தக் குளிர்ல முத்திருச்சு. எதைப் பாத்தாலும் நடுவுல ஒரு கறுப்பு வட்டம் நிக்குதுன்னாரு. நெகடிவ் உங்க கைக்கு வந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவீங்கன்னு எங்கிட்ட கழுவக் குடுத்தாரு."

"அப்ப எங்கிட்ட குடுத்த ரோலெல்லாம்?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்குக் கை ஒடஞ்சிருந்தப்ப எடுத்ததாம், கழுவாம கெடந்துச்சாம். எங்க கடை ஃப்ரிட்ஜ்ல கொண்டாந்து வச்சிக்கிட்டு, வாரத்துக்கு ஒண்ணா எடுத்துட்டு வந்தாரு."

கெட்டுப்போய்விட்டது, தூக்கிப்போட்டேன் என்று அவர் சொன்ன ரோல்கள்.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

ஸ்டூடியோக்காரர் தண்ணீர்க் குழாயைப் பார்த்தபடி சொன்னார். "வயசாச்சுன்னு கார் சாவிய வாங்கி வச்சிட்டீங்களாமே. அடுத்தது கேமராதான்னாரு."

கேமராவை நான் வாங்கியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். வாங்கித்தான் இருப்பாள். பரணில் வைத்து, ஏணியையும் பக்கத்து வீட்டில் கொடுத்திருப்பாள்.

அப்படி ஒருத்தி இல்லை என்பதில் வர வேண்டிய நிம்மதி வரவில்லை. இருந்திருந்தால் அவளைத் திட்டித் தீர்த்திருக்கலாம். அவர் ஒளிந்துகொண்டது யாரிடமும் போவதற்காக அல்ல, இவளிடமிருந்து தப்பிக்க.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. நாத்தனார் கதவைத் தட்டினாள். "அண்ணி, வந்துட்டாங்க."

"அஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்லு."

அலமாரியிலிருந்து லென்ஸையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். நூற்று நாற்பத்து நான்கு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாவம் பார்த்து டிக் போடும் பழக்கம் அவளுக்கு இல்லை, இன்றைக்கும் அது வரவில்லை. மூன்றாவது தாளில் ரொட்டிக்கடை வரிசை மொத்தமும் இடது ஓரத்துக்கு ஒதுங்கி, மிச்ச இடமெல்லாம் வெறும் பனியாகக் கிடந்த ஒரு படம். பென்சில் இறங்கியது. கடைசித் தாளில், ஆளையே காணாமல் ஒரு மண்வாரியும் அதிலிருந்து பறக்கும் பனியும் மட்டும். அதில் இன்னொன்று. மறுபடி முதலிலிருந்து தேடினாள். வேறு இல்லை.

தாள்களை ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்தாள். "இது ரெண்டையும் பெருசாப் போடுங்க. பனி வெள்ளையா வரணும்."

ஹாலில் நான்கு பேர் தயாராக நின்றார்கள். அவள் குனிந்து அவருடைய கோட்டுக் காலரைச் சரிசெய்வதுபோல் காதருகே போனாள்.

"ரெண்டு தேறும்."

'கருமி' என்று அவர் முனகுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் குனிந்தே இருந்தாள். பிறகு தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டாள்.