மந்திரித்த தண்ணீரும் மல்லனின் தோலும்

லத்தீருக்குக் கோபம் கோபமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மல்யுத்தம். டக்கார் நகரம் முழுக்க அவன் படம் ஒட்டியாகிவிட்டது. இந்த நேரம் பார்த்துத்தானா கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் வெடித்து, மஞ்சளாய்ப் பொருக்குத் தட்டி, அரிப்பு உயிரை எடுக்க வேண்டும்?

"பிரான் ஆளுங்க வச்ச செய்வினைடா இது," என்றார் தம்சீர் மாமா. பிரான்தான் எதிராளி.

அதை முறிக்க மந்திரித்த தண்ணீர் பாட்டில் பாட்டிலாக வந்தது. வேர் ஊறியது, சாம்பல் கரைத்தது, புளித்த பால் கலந்தது. காலையும் மாலையும் மாமா அவன் தலையில் ஊற்றினார். தீயாய் எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்றார் மாமா. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

போட்டிக்கு முந்தைய பரிசோதனையில் டாக்டர் நோகாய் அவன் கையைத் திருப்பிப் பார்த்ததுமே பேனாவை மூடிவிட்டார்.

"சின்ன வயசுலேர்ந்து இருக்கா தம்பி?"

"இருந்துச்சு. இவ்வளவு மோசமா இல்ல."

"எக்சிமா. அது ஒட்டாது. ஆனா அதுமேல கிருமி ஏறியிருக்கு, அது ஒட்டும். ஞாயித்துக்கிழமை நீ இறங்கக் கூடாது."

"என்ன கிருமி? ரெண்டு வேளை குளிக்கிறேன் நான்!"

"நெறைய பேர் தோல்ல சும்மா கெடக்கிற கிருமிதான். உன் தோல் வெடிச்சு வழி விட்டுருச்சு. உள்ள பூந்து விஷத்தைக் கக்குது. எதிர்ப்பு அணுவெல்லாம் 'ஆபத்து, ஆபத்து'ன்னு ஒண்ணுக்கொண்ணு தகவல் அனுப்புது. அந்தக் கூச்சல்லதான் அரிக்குது, செவக்குது, தோல் இன்னும் இளகுது. நீ சொறியச் சொறிய இன்னும் வழி. ஆமா, புளிச்ச வாடை வருதே, மேல என்னத்த ஊத்துற?"

லத்தீர் கூட வந்திருந்த மாமாவைப் பார்த்தான். மாமா கூரையைப் பார்த்தார்.

போட்டி ஒரு மாதம் தள்ளிப்போனது. பயந்துவிட்டான் பயல் என்று பிரான் வானொலியில் சிரித்தான். லத்தீர் களிம்பும் மாத்திரையுமாய் வீட்டில் முடங்கி, சுவரை உதைத்தான்.

"இனி ஒரு சொட்டு என் மேல பட்டுச்சு, மாமான்னுகூடப் பாக்க மாட்டேன்!"

தோல் ஆறியது. ஆனால் மந்திரித்த தண்ணீர் ஊற்றாமல் அந்த ஊரில் எந்த மல்லனும் களமிறங்கியதில்லை. போட்டியன்று கூட்டம் முணுமுணுத்தது. லத்தீரின் கண்ணே பாட்டிலைத் தேடியது. அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வந்தது. மாமா கை நிறையப் பாட்டிலோடு, கிட்டே வரத் தைரியமில்லாமல் ஓரமாக நின்றார்.

"என்ன மாமா, மரம் மாதிரி நிக்கிறீங்க? ஊத்துங்க!"

"உன் மேலயா?"

"எனக்காக. உங்க தலையில!"

கஞ்சி போட்ட நீல அங்கியோடு நின்ற மாமா, ஒவ்வொன்றாய்த் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உதடு மட்டும் வேண்டிக்கொண்டே இருந்தது. ஒரு மாதக் கோபம் லத்தீருக்கு அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

மேளம் முழங்கியது. ஒரு சொட்டு ஈரமில்லாத உடம்போடு களத்துக்குள் நடந்தான்.

பின்னாலிருந்து மாமா கத்தினார்: "பிடிடா, விடாத!" கத்திக்கொண்டே இரண்டு கையாலும் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.